டேரில் வாயை மூடிக்கொண்டான்

அல்சூர் ஏரிக்குப் பின்புறத் தெருவில் இருக்கும் மௌரீன் மேடத்தின் நர்சரி பள்ளியில் பிளேக் பரவியிருக்கிறது என்று ஒரு வியாழக்கிழமை நண்பகலில் பெற்றோர்களின் வாட்ஸ்ஆப் குழுவில் செய்தி வந்தது. அரை மணி நேரத்துக்குள் ஏழு பிள்ளைகளை வந்து கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். ஒரு குழந்தையின் சித்தி கைநிறைய வேப்பிலையோடு வாசலில் வந்து நின்றாள். எலி பிடிக்கும் ஆட்களின் தொலைபேசி எண்ணை ஒருவர் குழுவில் போட்டார். அதற்குப் பதினாறு பேர் கைகூப்பி நன்றி சொல்லியிருந்தார்கள்.

கிளெமென்ட் அந்தச் செய்தியைப் பொம்மசந்திராவில் தன் மேசையில் உட்கார்ந்தபடி பார்த்தான். பிரேக் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் அவன் தரக் கட்டுப்பாட்டு மேலாளர். ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு கூடினாலும் குறைந்தாலும் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்புவது அவன் வேலை. பதிமூன்று வருடமாக அதையே செய்ததில், வீட்டில் தோசையின் விளிம்பைக்கூட அந்தக் கண்ணால்தான் பார்த்தான். அவனுடைய நான்கு வயது மகன் டேரில் அந்தப் பள்ளியில் எல்.கே.ஜி. படித்தான். கிளெமென்ட் உடனே மனைவிக்குப் போன் போட்டான். அன்னா இந்திராநகரில் ஒரு கண் மருத்துவமனையின் வரவேற்பில் வேலை பார்த்தாள்.

“அன்னா, குரூப் பாத்தியா? டேரிலை உடனே கூட்டிட்டு வா.”

“பாத்தேன். அது பிளேக் இல்லங்க, பிளாக். பல்லுல படியிற அழுக்குக்கு இங்கிலீஷ்ல அப்படிப் பேரு. இன்னைக்கு ஸ்கூலுக்குப் பல் டாக்டர் வந்து பாத்திருக்காங்க. எல்லார் பையிலயும் சீட்டு வெச்சு அனுப்பியிருக்காங்க. யாரோ பாதி படிச்சிட்டு போட்டுட்டாங்க.”

“அப்போ உயிருக்கு ஒண்ணும் இல்லையே?”

“பல்லு தேச்சா போயிடும்.”

மாலைக்குள் அந்தப் பல் டாக்டரே குழுவில் ஒரு குரல் செய்தி போட்டார். அவர் பெயர் மமதா. கன்னடக்காரர், ஆனால் கண்டோன்மென்ட் பக்கம் வளர்ந்ததால் தமிழ் நன்றாகவே பேசுவார்.

“எல்லாருக்கும் நமஸ்காரா. யாரும் பயப்பட வேண்டாம். நாப்பத்திரண்டு பசங்களைப் பாத்தேன். முப்பத்தொரு பேருக்குப் பல்லு மேல மெத்துன்னு ஒரு படலம் இருக்கு. பதினாலு பேருக்கு ஈறு ஸ்வல்ப வீங்கியிருக்கு, தொட்டா ரத்தம் வருது. இந்த வயசுல பசங்களுக்குத் தானா சரியா தேய்க்க வராது. நீங்க மடியில வெச்சு, மெத்து பிரஷ்ல, பட்டாணி அளவு பேஸ்ட் போட்டு, பல்லும் ஈறும் சேர்ற இடத்துல மெதுவா வட்டமா தேய்ச்சு விடுங்க. காலைல ஒரு தடவை, படுக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவை. நடுவுல இனிப்பு பிஸ்கட், மிட்டாய் குறைங்க. ரெண்டு வாரத்துல ஈறு சரியாயிடும். அஷ்டே, அவ்வளவுதான்.”

மொத்தம் ஒரு நிமிடம் இருபது விநாடி. அதில் கடைசி வரை கேட்டவர்கள் எத்தனை பேர் என்று தெரியவில்லை. குழுவில் வந்த முதல் கேள்வி இது: “டாக்டர், கிளாஸ்ல யாருக்கு ரொம்ப நல்லா இருக்கு?”

டேரிலின் சீட்டில், படலம் இரண்டு என்று எழுதியிருந்தது. சுழியம் என்றால் சுத்தம், மூன்று என்றால் மோசம். அதன் கீழே, ‘மேல் வரிசை இடது ஓரம், ஈற்றில் ரத்தம்’ என்று ஒரு வரி. கிளெமென்ட் அந்தச் சீட்டைச் சாப்பாட்டு மேசையில் விரித்துவைத்து நெடுநேரம் பார்த்தான். அவனுடைய தொழிற்சாலையில் ஒரு பெட்டியில் இரண்டு பாகம் தவறாக இருந்தால் பெட்டி முழுவதும் திரும்பிவிடும்.

பள்ளியை இருபத்திரண்டு வருடமாக நடத்திவரும் மௌரீன் மேடத்துக்கு அப்போது வேறொரு கவலை இருந்தது. எதிர்த் தெருவில் புதிதாக வந்த பள்ளி, மூன்று வயதுப் பிள்ளைகளுக்கு ரோபோ செய்யக் கற்றுக்கொடுப்பதாகப் பெரிய பதாகை கட்டியிருந்தது. சனிக்கிழமை பெற்றோர் கூட்டத்தில் எல்லோரும் பல்லைப் பற்றியே பேசியதைக் கேட்கக் கேட்க மேடத்தின் முகம் மலர்ந்தது.

கிளெமென்ட் எழுந்து நின்றான். “மேடம், ஒரு தடவை பாத்துட்டு விட்டா எப்படி? வாரா வாரம் பாக்கணும். சார்ட் போட்டு சுவத்துல மாட்டணும். எங்க ஃபேக்டரில அப்படித்தான்.”

“ஃபேக்டரில என்ன சார் செய்றீங்க?”

“பிரேக்.”

“இதுங்களுக்கு அதுவும்தான் தேவைப்படுது,” என்றார் மேடம். “நீங்களே ஃபார்ம் போட்டுக் குடுங்க. ரோபோவை அவங்க செய்யட்டும். நம்ம பிள்ளைங்க பல்லு பளபளன்னு இருக்கும்.”

அந்த ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பூசை முடிந்து வந்ததும் கிளெமென்ட் மடிக்கணினியைத் திறந்தான். இருபது பால் பற்களுக்கும் தனித்தனிக் கட்டம், ஒவ்வொன்றுக்கும் எண், வாரத்துக்கு ஒரு நிறம், ஓரத்தில் ஏறி இறங்கும் கோடு. பிரியாணி ஆறிப்போனது. இதுவரை தான் செய்த படிவங்களிலேயே இதுதான் அழகானது என்று அவனுக்குத் தோன்றியது. மௌரீன் மேடம் அவனைப் பெற்றோர் தரக்குழுவின் தலைவராக்கினார். குழுவில் வேறு யாரும் இல்லை.

ஒரே ஒரு சிக்கல் வந்தது. சுழியம் வாங்குவதுதான் நல்லது என்பதைப் பெற்றோர்களால் ஏற்க முடியவில்லை. “என் பொண்ணுக்கு ஜீரோவா?” என்று ஒரு தாய் கண் கலங்கிவிட்டாள். அதனால் மதிப்பெண்ணைத் திருப்பிப் போட்டு நட்சத்திரமாக்கினார்கள். ஐந்து நட்சத்திரம் வாங்கினால் முழுச் சுத்தம்.

சோதனை செய்யும் பொறுப்பு எல்.கே.ஜி. ஆசிரியை ஆஞ்சலா மிஸ்ஸின் தலையில் விழுந்தது. லிங்கராஜபுரத்திலிருந்து தினமும் இரண்டு பஸ் மாறி வருபவள். டாக்டர் மமதா ஒரு சின்னப் புட்டியில் சொட்டு மருந்து கொடுத்திருந்தார். அதைப் பல்லில் தடவினால், அழுக்கு இருக்கும் இடத்தில் மட்டும் ரோஜா நிறம் ஒட்டும். “ஒரு தடவை காட்டுங்க மிஸ், பசங்களுக்கு விளையாட்டா இருக்கும்,” என்றுதான் அவர் சொல்லிவிட்டுப் போனார். அது இப்போது வெள்ளிக்கிழமைப் பரீட்சை ஆகிவிட்டது.

முதல் வெள்ளிக்கிழமை டேரிலுக்கு இரண்டு நட்சத்திரம். காக்ஸ் டவுனில் அடுக்குமாடி வீடுகள் விற்கும் அலெக்சாண்டரின் மகளுக்கு ஐந்து. அலெக்சாண்டர் சுவரில் மாட்டிய நட்சத்திரப் பலகையின் முன் மகளை நிறுத்திப் படம் எடுத்துக் குழுவில் போட்டு, ‘எல்லாம் கடவுள் கிருபை’ என்று எழுதினான். கிளெமென்ட் தன் கையாலேயே போட்ட படிவத்தில், தன் மகனின் பெயருக்கு நேரே தாழ்வாகக் கிடந்த சிவப்புக் கோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

மறுநாளிலிருந்து வீட்டில் வேலை தொடங்கியது. காலை ஆறேகாலுக்குக் கம்பெனி பஸ். அதனால் ஐந்தே முக்காலுக்கு டேரிலின் வாய் திறக்கப்பட்டது. பையன் பாதித் தூக்கத்தில் குளியலறை முக்காலியில் உட்கார்ந்திருப்பான். கிளெமென்ட் கைப்பேசியில் நேரம் ஓடவிட்டு, ஒரு பல்லுக்கு முப்பது தேய்ப்பு என்ற கணக்கில் இருபது பல்லையும் தேய்ப்பான். குழந்தைகள் பிரஷில் அழுத்தம் போதவில்லை என்று பெரியவர்களுக்கான கெட்டி பிரஷை வாங்கி வந்தான். தான் வேலைக்குப் போன பிறகு பள்ளிக்குப் புறப்படும் முன் ஒரு முறை, பள்ளி விட்டு வந்ததும் ஒரு முறை, படுக்கும் முன் ஒரு முறை என்று அட்டவணை போட்டுக் குளியலறைக் கதவில் ஒட்டினான். ஒவ்வொரு முறையும் அன்னா கையெழுத்துப் போட வேண்டும்.

“அது பல்லுங்க,” என்றாள் அன்னா. “ஓட்டல் தோசைக்கல்லு இல்ல. டாக்டர் மெதுவான்னு சொன்னாங்க.”

“மெதுவா தேச்சுத்தானே ரெண்டு ஸ்டார் வந்துச்சு?”

“நாம தேய்க்கவே இல்லையே. அவனே தேச்சுக்கிட்டு இருந்தான். பேஸ்ட்டைத் தின்னுட்டு வந்துடுவான்.”

கிளெமென்ட் அதைக் காதில் வாங்கவில்லை. அவன் அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டான். அழுக்கு ஏன் படிகிறது? சாப்பாடு ஒட்டுவதால். எந்தச் சாப்பாடு? பருப்புச் சாதம் ஒட்டுகிறது, வாழைப்பழம் ஒட்டுகிறது, ரொட்டி ஒட்டுகிறது. ஒட்டாத பொருளைத் தேடித் தேடி, கடைசியில் வெள்ளிக்கிழமை காலை டேரிலுக்கு வெள்ளரிக்காய் மட்டும் என்று முடிவானது.

ஊரில் அவன் ஒருவன்தான் இப்படி என்று சொல்ல முடியாது. மூன்றாவது வெள்ளிக்கிழமை காலை எட்டரை மணிக்குப் பள்ளி வாசலில் பார்த்தவர்களுக்கு, அங்கே ஏதோ முகாம் நடக்கிறது என்றுதான் தோன்றியிருக்கும். காரின் பின் இருக்கையில், ஸ்கூட்டரின் முன் பலகையில், நடைபாதையில், எங்கே பார்த்தாலும் பிள்ளைகளின் தாடையைப் பிடித்துக்கொண்டு பெரியவர்கள் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். சாக்கடையில் நுரை ஓடியது. பள்ளிச் சுவரை ஒட்டி இஸ்திரி வண்டி போட்டிருக்கும் முனியப்பன் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டார்: “ஏன் சார், உங்க யார் வூட்லயும் கொழா இல்லியா?”

அலெக்சாண்டர் இந்தக் கூட்டத்தில் சேரவில்லை. ஒவ்வொரு வியாழக்கிழமை மாலையும் அவன் மகளை ஒரு கிளினிக்குக்குக் கூட்டிப்போய்ப் பல்லை இயந்திரத்தால் மெருகேற்றிக்கொண்டு வருகிறான் என்று பிறகுதான் தெரிந்தது. தெரிந்ததும் மற்ற பெற்றோர்கள் கொதித்தார்கள். அது எந்தக் கிளினிக் என்று கேட்டு அவனுக்குத் தனித்தனியாகச் செய்தி அனுப்பினார்கள்.

ஐந்து நட்சத்திரம் வாங்கிய பிள்ளைகளுக்கு மௌரீன் மேடம் தன் கையாலேயே பரிசு கொடுத்தார். குச்சி வைத்த பெரிய மிட்டாய்.

“மேடம்,” என்று ஆஞ்சலா தயங்கினாள், “பல்லுக்குப் பரிசு... மிட்டாயா?”

“சாப்பிட்டா என்ன? வீட்டுக்குப் போய் பிரஷ் பண்ணிடப் போறாங்க. இப்பதான் எல்லாரும் பண்றாங்களே!”

நான்காவது வெள்ளிக்கிழமை ஆஞ்சலா கிளெமென்டுக்குப் போன் செய்தாள். “சார், டேரிலுக்கு ஈறு ரொம்ப செவந்திருக்கு. சில இடத்துல தோலு உரிஞ்ச மாதிரி இருக்கு. தொட்டா அழறான். கொஞ்சம் மெதுவா தேய்க்கிறீங்களா?”

“ஸ்டார் எத்தனை மிஸ்?”

“நாலு. ஆனா ஈறு...”

“நாலா? அஞ்சுக்கு என்ன குறையுது? எந்தப் பல்லு?”

“சார், டாக்டர் அன்னைக்கு ஈறைப் பத்திதான் ரொம்பச் சொன்னாங்க. நீங்க குடுத்த ஃபார்ம்ல ஈறுக்குக் கட்டமே இல்ல. நான் எங்க எழுதுறது?”

கிளெமென்ட் திடுக்கிட்டான். ஒரு படிவத்தில் கட்டம் விட்டுப்போவது அவன் வாழ்க்கையில் நடந்ததில்லை. “அடுத்த திருத்தத்துல சேர்த்துடறேன் மிஸ்,” என்று சொல்லிவிட்டு, மாலை வீட்டுக்குப் போய் ஐந்தாவது நட்சத்திரத்துக்காக இன்னும் கொஞ்சம் அழுத்தித் தேய்த்தான்.

செவ்வாய்க்கிழமை காலை டேரில் வாயை மூடிக்கொண்டான்.

முக்காலியில் எப்போதும்போல் வந்து உட்கார்ந்தான். அழவில்லை, ஓடவில்லை. உதடுகளை உள்ளே இழுத்து மூடிக்கொண்டு அப்பாவைப் பார்த்தான். கிளெமென்ட் “ஆ” என்று காட்டினான். டேரில் தலையை ஆட்டினான். கன்னத்தை இரண்டு விரலால் அழுத்திப் பார்த்தான் கிளெமென்ட். பையன் கண்ணில் நீர் கோத்தது, உதடு பிரியவில்லை. வெளியே கம்பெனி பஸ் ஹார்ன் அடித்தது.

அன்று மாலையும் திறக்கவில்லை. மறுநாளும் இல்லை. அப்பா வீட்டில் இருக்கும்போது டேரில் சாப்பிடுவதில்லை, பேசுவதில்லை, கொட்டாவியைக்கூடக் கையால் பொத்திக்கொண்டு விட்டான். கிளெமென்ட் பஸ் ஏறிய பிறகுதான் அம்மாவிடம் வாய் திறந்து இட்லி கேட்பானாம். அதுவும் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டு.

அவன் சாதாரணமாக ஓயாமல் பேசுகிற பையன். பஸ் ஏன் திரும்பும்போது சாய்கிறது, மீனுக்குத் தூக்கம் வந்தால் எங்கே தலை வைக்கும், கம்பெனியில் டாடியை யாராவது அடிப்பார்களா என்று நாள் முழுதும் கேட்டுக்கொண்டிருப்பான். தினமும் மாலை நான்கு மணிக்கு அம்மாவின் போனிலிருந்து அப்பாவுக்கு ஒரு குரல் செய்தி வரும். செவ்வாய், புதன்கிழமைகளில் வரவில்லை. வியாழக்கிழமையும் வரவில்லை. கிளெமென்ட் ஓசூர் ரோட்டு நெரிசலில் பஸ்ஸில் உட்கார்ந்து பழைய செய்தி ஒன்றைக் காதில் வைத்துக் கேட்டான். அதில் டேரில், தன் வகுப்பில் ஒரு பையன் மூக்கில் கொண்டைக்கடலையைப் போட்டுக்கொண்ட கதையை மூச்சு விடாமல் சொல்லியிருந்தான்.

வீட்டுக்கு வந்ததும், “அவன்கிட்ட நீ சொல்லேன்,” என்றான் அன்னாவிடம்.

“என்ன சொல்லணும்?”

“வாயைத் திறக்கச் சொல்லு. தேய்க்க மாட்டேன். சும்மா பேசச் சொல்லு.”

“நீங்களே சொல்லுங்க,” என்றாள் அன்னா. “அவன் நம்பணும்ல?”

கிளெமென்ட் சொன்னான். டேரில் அவன் கையைத்தான் பார்த்தான், பிரஷ் இருக்கிறதா என்று. கை காலியாக இருந்தும் அவன் நம்பவில்லை.

வெள்ளிக்கிழமை வகுப்பில் ஆஞ்சலா மிஸ் புட்டியோடு வந்தபோது டேரில் உதட்டை உள்ளே இழுத்துக்கொண்டான். பக்கத்தில் இருந்த சிறுமி அதைப் பார்த்தாள். இப்படி ஒரு வழி இருப்பதே அவளுக்கு இதுவரை தோன்றவில்லை. அவளும் மூடிக்கொண்டாள். பத்து நிமிடத்தில் வரிசை முழுவதும் மூடிவிட்டது. பதினோரு மணிக்குப் பக்கத்து வகுப்புக்கும் பரவியது. அலெக்சாண்டரின் மகள் எல்லோரையும்விட இறுக்கமாக மூடியிருந்தாள்.

ஆஞ்சலா யாரையும் வற்புறுத்தவில்லை. புட்டியை மூடி அலமாரியில் வைத்துவிட்டு, அவர்களுக்குக் களிமண் கொடுத்தாள். படிவத்தில் எல்லோருக்கும் ஒரு கோடு போட்டாள். மௌரீன் மேடம் அதைப் பார்த்துப் பதறிப்போனார்.

“ஆஞ்சலா, நாளைக்குச் சிரிப்புத் திருவிழா! டாக்டர் வராங்க. புதுசா அட்மிஷன் கேட்டு பதினெட்டு பேரண்ட்ஸ் வராங்க. இதுங்க பாட்டு வேற பாடணும்மா!”

“நாளைக்குள்ள சரியாயிடுவாங்க மேடம்,” என்றாள் ஆஞ்சலா. அப்படி அவள் நினைக்கவில்லை.

சனிக்கிழமை காலை பள்ளியின் சின்ன மைதானத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். மேடையில் வெள்ளை அட்டைப் பல் உடை போட்ட பிள்ளைகள் இரண்டு வரிசையாக நின்றார்கள். டேரில் ஒரு கடைவாய்ப்பல். ஒலிபெருக்கியில் மெட்டு ஓடியது. பிள்ளைகள் கையை ஆட்டினார்கள், குதித்தார்கள், சுற்றினார்கள். ஒரு குரல்கூட வரவில்லை. மெட்டு முடியும்வரை நாற்பத்திரண்டு வாயும் இறுகியே இருந்தன.

முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த புதிய பெற்றோர் ஒருவர் மனைவியிடம் சாய்ந்து, “டிசிப்ளின் பாத்தியா? நம்மவன் இங்கதான்,” என்றார். கைத்தட்டல் பலமாக இருந்தது. மௌரீன் மேடம் ஒரு நொடி திகைத்துவிட்டு, ஒலிவாங்கியில், “மௌனமும் ஒரு பயிற்சிதான்,” என்று சொன்னார்.

டாக்டர் மமதாவுக்குத்தான் சிரிப்பு வரவில்லை. பேசுவதற்காகக் கொடுத்த ஒலிவாங்கியோடு அவர் மேடை ஏறி டேரிலின் முன்னால் மண்டியிட்டார். “ஏன் ராஜா, பாட்டு மறந்துபோச்சா?” டேரில் தலையை ஆட்டினான். “பல்லு வலிக்குதா?” டேரில் கொஞ்சம் யோசித்துவிட்டு, வாயைத் திறக்காமலேயே, மேடைக்குக் கீழே நின்ற அப்பாவைக் கையால் காட்டினான்.

“என்ன நடக்குது மிஸ்?” என்று டாக்டர் ஆஞ்சலாவைக் கேட்டார். கையில் இருந்த ஒலிவாங்கியை அணைக்க அவர் மறந்திருந்தார்.

ஆஞ்சலா, மௌரீன் மேடத்தைப் பார்த்தாள். பிறகு பிள்ளைகளைப் பார்த்தாள். “டாக்டர், நீங்க குடுத்த மருந்தை வாரா வாரம் போட்டு மார்க் போடறோம். மார்க்குக்காக வீட்ல போட்டுத் தேய்க்கிறாங்க. வெள்ளிக்கிழமை பாதிப் பசங்க சாப்பிடாம வராங்க, பல்லுல ஒட்டுமாம். பல்லு வெள்ளையா இருக்கு. ஈறு எல்லாம் புண்ணா இருக்கு. அதான் யாரும் வாயைத் திறக்கல.”

பந்தலில் நாற்காலிகள் கிரீச்சிட்டன. அலெக்சாண்டர் எழுந்து, “டாக்டர், ஃபார்ம் எல்லாம் கிளெமென்ட் சார் போட்டது,” என்றான்.

“அவரு யாரு? மேல வாங்க சார்,” என்றார் டாக்டர் மமதா. கிளெமென்ட் ஏறினான். அவர் கோபப்படவில்லை. தன் பையிலிருந்து ஒரு புட்டியும் கண்ணாடியும் எடுத்தார். “பசங்களுக்கு வாரா வாரம் போட்டீங்க. நீங்க ஒரு தடவை போட்டுக்குங்க. ஸ்வல்ப வாயைத் திறங்க.”

கிளெமென்ட் சுற்றிலும் பார்த்தான். நூறு பேர். கைப்பேசிகள் தூக்கிப் பிடிக்கப்பட்டிருந்தன. அவனுக்கும் உதட்டை உள்ளே இழுத்துக்கொள்ளத்தான் தோன்றியது. எதிரே அட்டைக் கடைவாய்ப்பல் ஒன்று அவனையே பார்த்துக்கொண்டிருந்தது. வாயைத் திறந்தான்.

மேல் வரிசை, கீழ் வரிசை, ஓரம், இடுக்கு எல்லாம் பஞ்சுமிட்டாய் நிறத்துக்கு வந்துவிட்டது. டாக்டர் சின்னக் கருவியால் ஈற்றை லேசாகத் தொட்டார். ரத்தம் கசிந்தது. “காலைல பையனுக்குப் போட்டுத் தேய்ச்சு விட்டுட்டு நீங்க அரை நிமிஷத்துல முடிச்சிட்டு ஓடறீங்கன்னு நினைக்கிறேன்,” என்றார். கிளெமென்ட் வாயைத் திறந்தபடியே தலையாட்டினான்.

“எத்தனை ஸ்டார் டாக்டர்?” என்று பின்னாலிருந்து யாரோ கேட்டார்கள். சிரிப்பு எழுந்தது.

டேரில் வரிசையை விட்டு வெளியே வந்தான். அட்டை உடை இடறியது. அப்பாவின் பக்கத்தில் வந்து நின்று, அண்ணாந்து அந்த வாய்க்குள் எட்டிப் பார்த்தான். ரோஜா நிறத்தையும் அதன் ஓரத்தில் இருந்த சிவப்பையும் பார்த்தான்.

“டாடி, வலிக்குதா?”

ஐந்து நாளில் கிளெமென்ட் கேட்ட முதல் குரல் அது. டாக்டரின் விரல் வாயில் இருந்ததால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. “கொஞ்சம்,” என்று சொல்ல வந்தது வேறு ஏதோ சத்தமாக வந்தது. டேரிலுக்குப் புரிந்துவிட்டது. அவன் டாக்டரிடம், “மெதுவா,” என்றான்.

டாக்டர் மமதா புட்டியை உயர்த்திக் காட்டினார். “அடுத்து யாரு வரீங்க? எல்லா அப்பா அம்மாக்கும் போதுமான அளவு இருக்கு.”

இருபத்திரண்டு வருடத்தில் அந்தப் பள்ளியின் பெற்றோர்கள் ஒருமனதாக ஒரு முடிவுக்கு வந்தது அன்றுதான். பல் சுகாதாரம் என்பது அவரவர் அந்தரங்க விஷயம், அதைச் சுவரில் எழுதி மாட்டுவது நாகரிகம் இல்லை என்று பத்து நிமிடத்தில் தீர்மானமாகிவிட்டது. முன்மொழிந்தவன் அலெக்சாண்டர். நட்சத்திரப் பலகை திங்கட்கிழமை இறக்கப்பட்டது. புதிதாகப் பதினோரு பேர் சேர்ந்தார்கள். மௌன விழாவைப் பார்த்தவர்களின் குழந்தைகள்தான். அவர்கள் சேர்ந்த பிறகு பள்ளியில் யாரும் மௌனமாக இல்லை என்பதை அந்தப் பெற்றோர்கள் மெல்ல மெல்லத்தான் கண்டுபிடித்தார்கள்.

கிளெமென்டின் பல்லில் அந்த நிறம் போக ஒரு நாள் ஆனது. விழா நடந்த அன்று இரவு எட்டு மணிக்கு அவன் குளியலறைத் தரையில் உட்கார்ந்து, டேரிலின் மெத்து பிரஷைப் பையன் கையிலேயே கொடுத்தான். “டாடிக்கு நீ தேய்ச்சு விடு.” டேரில் மிகவும் கவனமாகத் தேய்த்தான். பாதி மீசையில் பட்டது. ஒரு பல்லையே சுற்றிச் சுற்றி வந்தான். அன்னா கதவில் சாய்ந்து பார்த்துக்கொண்டு நின்றாள்.

“டாடிக்கு ரத்தம் வருது,” என்றான் டேரில்.

“தேய்ச்சா சரியாயிடும்.”

“இல்ல. மெதுவா தேய்ச்சா.”

“ஆமாடா. மெதுவா தேய்ச்சா.”

தேய்க்கத் தன் வாயை டேரில் அன்றைக்குத் திறக்கவில்லை. மறுநாளும் இல்லை. மூன்றாம் நாள் அம்மாவின் மடியில் படுத்துக்கொண்டு முன்பல் நான்கை மட்டும் கொடுத்தான். மேல் வரிசையின் இடது ஓரத்துக்கு அப்பாவின் கை போக இன்னும் ஒரு வாரம் பிடித்தது. அந்த ஒரு வாரமும் கிளெமென்ட் எதையும் எண்ணவில்லை. அது அவனுக்கு எவ்வளவு சிரமமாக இருந்தது என்பது அவன் விரல்கள் தாளம் போட்டதிலிருந்து அன்னாவுக்குத் தெரிந்தது.

இரண்டு மாதம் கழித்து டாக்டர் மமதா மறுபடியும் வந்தார். இந்த முறை பிள்ளைகளின் சீட்டில் எண் எதுவும் போடவில்லை. டேரிலின் சீட்டில், ‘ஈறு ஆறிவிட்டது. வீக்கம் இல்லை, ரத்தம் இல்லை. இப்படியே தேய்த்து விடுங்கள்’ என்று எழுதியிருந்தார். அன்று விடுப்பு எடுத்திருந்த கிளெமென்ட் பையனைக் கூட்டிப்போக வந்து, வகுப்பு வாசலில் நின்று அந்தச் சீட்டை இரண்டு முறை படித்தான். முகம் எல்லாம் சிரிப்பு.

“ரொம்ப நன்றி மிஸ்,” என்றான் ஆஞ்சலாவிடம். கிளம்பியவன் நின்றான். குரலைத் தாழ்த்திக்கொண்டான். “சும்மா தெரிஞ்சுக்கலாம்னுதான்... அலெக்சாண்டர் பொண்ணுக்கு என்ன எழுதியிருக்காங்க?”

ஆஞ்சலா மேசையில் இருந்த சீட்டுக் கட்டை எடுத்துக் கோப்புக்குள் வைத்தாள். கோப்பை அலமாரியில் வைத்துச் சாவியைத் திருப்பினாள்.

“சார், டேரில் ஷூவை மாத்திப் போட்டிருக்கான் பாருங்க,” என்றாள்.

கிளெமென்ட் குனிந்து பார்த்தான். மாற்றித்தான் போட்டிருந்தான். ஆனால் அது பற்றிக் கவலைப்படாமல், மீனுக்குத் தாகம் எடுக்குமா என்று கேட்டுக்கொண்டே அவன் கேட்டை நோக்கி ஓட ஆரம்பித்திருந்தான்.